தண்ணிக்குப் பயந்த தோட்டாக்கள்

யார் காதைப் பொத்திக்கிட்டாலும் சரி, யார் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் சரி, நான் சொல்லத்தான் போறேன். எங்க சாளைமுனையில, நான் நின்னு தொண்டை கிழிய மீன் ஏலம் போடுற கூடத்துல, என்னைக் கேக்காம, ஊரைக் கேக்காம, கோயில் கமிட்டியைக் கேக்காம, லாரி லாரியா தோட்டாப் பெட்டியைக் கொண்டாந்து இறக்குனாங்க. எங்க கரையில கரி இறக்குற துறைமுகம் கட்டணும்னு ஒரு கம்பெனி வந்துச்சு, நாங்க முடியாதுன்னு சொன்னோம், அதனால எங்களுக்குப் பாதுகாப்பு குடுக்க போலீஸ் முகாம் வந்துச்சு. எங்களுக்கு எதுக்குப் பாதுகாப்பு, யார்கிட்ட இருந்து பாதுகாப்புன்னு கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. என் ஏலம் வெயிலுக்கு வந்துருச்சு, தோட்டா நிழலுக்குப் போயிருச்சு.

பெட்டிக்குக் காவல் பரமார்த்தலிங்கம் ஏட்டையா. மேற்கே மலையடிவாரத்துக்காரர், கடலை அதுக்கு முன்னால காலண்டர்ல மட்டும் பார்த்தவர். வந்த அன்னைக்கே ஒரு தகரப் பெட்டியைத் திறந்து உள்ளே மோந்து பார்த்துட்டு, கல்யாண வீட்டுல சாம்பார் புளிச்சுப் போன சமையக்காரர் மாதிரி நின்னாரு.

"என்ன ஏட்டையா, கணக்கு இடிக்குதா?"ன்னு கேட்டேன்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு அம்மா. சரக்குதான் இடிக்குது. இது பித்தளைத் தோட்டா இல்ல. இரும்புக் கூடு, மேல பச்சை வார்னிஷ். சல்லிசா கிடைச்சுதுன்னு வாங்கிட்டாங்க. வார்னிஷ்ல ஒரு கீறல் விழுந்தாப் போதும், ஈரம் புகுந்து துரு ஏறிரும். பித்தளைன்னா வெடிச்சதும் விரிஞ்சு, சுருங்கி, வழுக்கிட்டு வெளிய வந்துரும். இது முரட்டுப் பய. துருவோட உள்ள போனா போன இடத்துலயே சிக்கிக்கும்."

"அப்படிப்பட்டதைக் கடக்கரையிலயா கொண்டாந்து வைப்பாங்க? மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"மேல சொல்றாங்க, கீழ செய்யறோம்" அப்படின்னு பெட்டியை மூடிட்டாரு.

எங்க ஊர்ல இரும்பு என்ன பாடுபடும்னு எங்களுக்குத்தானே தெரியும். போன வருசம் வாங்குன சைக்கிள் இந்த வருசம் கையோட உதிரும். சன்னல் கம்பியைப் பிடிச்சுப் பேசிக்கிட்டு இருந்தா உள்ளங்கை சிவந்துரும். பெட்டிச் சாவியைத் தேங்காண்ணெய்த் துணியில சுத்தி வைக்கலேன்னா பூட்டோட பூட்டா ஒட்டிக்கும். அதனால நாங்க ஒண்ணும் பதறல. உப்புக்காத்து பார்த்துக்கும், நாம சும்மா இருந்தாப் போதும்னு திண்ணமா இருந்தோம்.

ஆனா எங்களுக்குத் தெரிஞ்சது தோட்டாங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. தண்ணி பட்டாச் செத்தோம்னு அதுங்களுக்குப் பயம். பயந்தவன் சும்மா இருப்பானா? இறக்கி வச்ச மறுநாளே அதுங்க ஈரத்தை விரட்ட ஆரம்பிச்சுச்சு.

முதல்ல கூடத்துத் தரை காஞ்சுது. எத்தனையோ வருசமா மீன்தண்ணி ஊறிக் கிடந்த தரை, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெளுத்துப் போச்சு. அப்புறம் ஐப்பசி மழை வந்துச்சு. ஊரெல்லாம் கொட்டுது, கூடத்துக்கு மேல மட்டும் ஒரு சொட்டு இல்ல. மழை அந்த எடத்தைச் சுத்திக்கிட்டு, கடன் குடுத்தவன் வீட்டைத் தாண்டிப் போறவன் மாதிரி, ஒதுங்கி ஒதுங்கிப் போச்சு. நாங்க குடையை மடக்கிக்கிட்டு அந்தக் காஞ்ச வட்டத்துக்குள்ள போய் நின்னோம். "அடடே, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னது நான்தான்னு சில பேரு சொல்றாங்க. எல்லாரும்தான் சொன்னோம்.

கருவாடு போடுறவங்களைக் கேட்டுப் பாருங்க, மழைக்காலம்னா என்னன்னு சொல்லுவாங்க. போட்ட சாளை புழுத்து, போட்ட நெத்திலி கருத்து, போட்ட திருக்கை நாறி, கடைசியில கோழிக்குக்கூட ஆகாமப் போற காலம் அது. அந்தக் காலத்துல எங்களுக்கு ஒரு நாள் பொழுதுல மீன் காஞ்சா விடுவோமா? கூடத்துச் சுவரை ஒட்டிப் பாய் விரிச்சோம். எடத்துக்குச் சண்டை வந்துச்சு, கோயில் கமிட்டி கூடித் தெருவாரியா எடம் பிரிச்சுக் குடுத்துச்சு. வடக்குத் தெருவுக்கு வாசப்பக்கம் குடுத்ததுக்குத் தெக்குத் தெரு ரெண்டு வாரம் பேசாம இருந்துச்சு. அடுத்த ஊர்க்காரங்க வண்டி கட்டி மீனோட வந்தாங்க. உள்நாட்டுல இருந்து அப்பளக்காரங்க வந்தாங்க. சேலையைத் துவைச்சுக் கொண்டாந்து வட்டத்துக்குள்ள ஒரு உதறு உதறினா காஞ்சு மொடமொடன்னு நிக்கும். மார்ச்சளிக்காரரு அருளப்பன் பெரியவரு காலையில வந்து முதுகைச் சுவத்துல சாய்ச்சு உக்காருவாரு, சாயங்காலம் சளி இல்லாமப் போவாரு. கருவாட்டு மூட்டையை உள்ளேயே அடுக்கிக்க ஏட்டையாவும் விட்டுட்டாரு. "காஞ்ச பொருள்னா வைங்க. ஈரம்னா வாசலைத் தாண்டக்கூடாது"ங்கிறது மட்டும்தான் அவரு போட்ட சட்டம்.

இப்ப சொல்லப்போறதைக் கேட்டா சிரிப்பீங்க. சிரிங்க. கடக்கரையில துருப் பிடிச்சுரும்னு பயந்து பெட்டியை எல்லாம் உள்நாட்டுல ஒரு கட்டடத்துக்கு மாத்தணும்னு மேல இருந்து உத்தரவு வந்து, லாரி வந்து நின்னப்ப, நாங்கதான் குறுக்க விழுந்து மறிச்சோம். கரி கம்பெனிக்காரன் வண்டியை மறிச்ச அதே ஆளுங்க, அதே எடத்துல, தோட்டா ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு கையைக் கோத்துக்கிட்டு நின்னோம். லாரிக்காரன் தலையில அடிச்சுக்கிட்டு வெறும் வண்டியோட திரும்பிட்டான். கருவாட்டுக்காரங்களைத் தவிர உலகத்துல வேற யாரும் இந்தப் புத்திகெட்ட வேலையைச் செஞ்சிருக்க மாட்டாங்க.

அப்புறம் ஒண்ணு ஒண்ணா வத்துச்சு. வட்டம் கூடத்தோட நிக்கல, தெருவுக்கு வந்துச்சு. ஊர்க் கிணத்துல வாளி போய்த் தரையில மோதுற சத்தம் கேட்டுச்சு. குடிக்கிறதுக்கும் சோறு பொங்குறதுக்கும் வட்டத்துக்கு வெளிய போயிட்டு வந்தோம். கோயில் வாசல்ல தீர்த்தத் தொட்டியில கைய விட்டா விரல்ல தூசி ஒட்டுச்சு. ஞானஸ்நானம் குடுக்கச் சாமியார் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஊரைத் தாண்டிப் போனாரு. சளி போச்சேன்னு சந்தோசமா இருந்த அருளப்பன் பெரியவரு ஒரு நாள் சுவத்துல சாய்ஞ்சபடியே செத்துப் போனாரு. சுத்தி உக்காந்து மார்ல அடிச்சுக்கிட்டு அழுதோம், வாய் அழுதுச்சு, தொண்டை அழுதுச்சு, கண்ணுல மட்டும் ஒரு சொட்டு வரல. அவரு பொண்டாட்டி எங்க மூஞ்சியை எல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தா. எனக்கு வெக்கமாப் போச்சு.

எங்க பக்கத்து வீட்டு மதலேனுக்கு அந்த வாரம்தான் பிள்ளை பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை, கறுப்பா, கண்ணு பெருசா. மதலேன் எனக்கு ஒரு வகையில நாத்தனார் முறை. வாய்க்காரி. கம்பெனி ஆளு அளவு எடுக்க வந்தப்ப அவன் நட்டு வச்ச கல்லைப் பிடுங்கி அவன் கையிலயே குடுத்து அனுப்புனவ. அவளுக்குப் பால் சுரக்கல.

மருத்துவச்சி பார்த்தா, நர்சம்மா பார்த்தா, சுறாப்புட்டு செஞ்சு குடுத்தோம், பூண்டும் கருப்பட்டியும் குடுத்தோம். ஒண்ணும் ஆகல. ஊர்ல எந்தத் தாய்க்கும் பால் இல்ல, எந்த ஆட்டுக்கும் இல்லங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. பாக்கெட் பால் வாங்கிட்டு வந்தா வீடு வர்றதுக்குள்ள பவுடராப் போச்சு, பவுடரைக் கலக்கத் தண்ணி இல்ல. வட்டத்துக்கு வெளிய, பனங்காட்டுப் பக்கம் போனா, அவளுக்கு மார் கனக்கும், ரவிக்கை நனையும். அதனால பிள்ளைக்குப் பசிக்கிறப்ப எல்லாம் அவ நடப்பா. பிரசவமான பச்சை உடம்புக்காரி, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, சுடுமணல்ல பனங்காடு வரைக்கும் நடந்து, ஒரு பனையோட அடிமூட்டுல உக்காந்து குடுத்துட்டு, திரும்ப நடந்து வருவா. வந்து சேர்ந்து காலை நீட்டுறதுக்குள்ள பிள்ளை மறுபடி அழும்.

இதை எல்லாம் போலீஸ் முகாமுக்கு அதிகாரியா வந்தவன் பார்த்துக்கிட்டு இருந்தான். அவன் படிச்சவன், விவரமானவன். ஒரு தோட்டாகூட வெடிக்காம ஒரு ஊரைக் காலி பண்ணிடலாம்னு அவனுக்குப் புரிஞ்சு போச்சு. இன்னும் பெட்டி கொண்டாந்தான். இன்னும் கொண்டாந்தான். ஒவ்வொரு லாரிக்கும் வட்டம் பெருசாச்சு, மதலேனோட பனைமரம் ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளிப் போச்சு. மைக்கைக் கட்டிப் பேசுனான்: "பொதுமக்கள் நலன் கருதி, தண்ணீர் வசதி உள்ள இடத்தில் மாற்று வீடுகள் தயாராக உள்ளன. விரும்புகிறவர்கள் இன்றே புறப்படலாம்."

சில பேரு புறப்பட்டாங்க. நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். தாகம்னா தாகம்தான்.

மதலேன் புருசன் சவரிராயன் தங்கமான மனுசன். அவனே ஒரு நாள் கெஞ்சிட்டான். "ஏட்டி, என் அக்கா வீட்டுக்குப் போயிருவோம். பிள்ளை மெலிஞ்சுட்டே வருதுட்டி. ஊரு பெருசா, உசுரு பெருசா?"

"உசுருதான் பெருசு"ன்னா அவ. "இந்த வீட்டைக் குடுத்துட்டு அங்க போய் நீரு எந்தக் கடல்ல தொழில் செய்வீரு? பிள்ளைக்கு இன்னைக்குப் பால் கிடைக்கும், நாளைக்குச் சோறு யாரு போடுவா, அந்த மைக்கா? நான் எதுக்குப் போகணும்? நான் வந்தவளா? வந்தது அந்தத் தோட்டா. அது போகட்டும்."

சொல்லிட்டு அடுப்படிக்குப் போனவ அங்கேயே நின்னுட்டா. உப்பு எடுக்கக் கை விட்ட சட்டியையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் சட்டியைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தா.

"மயினி, இதைப் பாருங்க. கார்த்திகை மாசம் உப்பு எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும், கசிஞ்சு கஞ்சியாக் கிடக்கும்."

"பாருங்க."

உப்பு காஞ்சு, பொரி மாதிரி கலகலன்னு இருந்துச்சு. எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துச்சு. கிணறு வத்துனப்ப வராத கோவம், என் ஏலக்கூடம் போனப்ப வராத கோவம். உலகத்துல எது மாறினாலும் மழைக்காலத்து உப்பு அழாம இருக்குமா? காத்துல இருக்கிற தண்ணியைக் கூப்பிட்டு, இழுத்து, குடிச்சு, வழிய விடுறது உப்போட பிறவிக்குணம். அதை அடக்கி வச்சிருக்கானுவ.

"தோட்டா விரட்டுது, உப்பு கூப்பிடுது"ன்னா மதலேன். "அதுங்க ஆள் பலம் கூட, அதான் இது பேசாம இருக்கு. ஒரு சட்டி உப்பு என்ன பண்ணும்? மலையாக் குமிச்சா?"

"குமிச்சா அதிகாரி சும்மா இருப்பானா?"

"உப்பு காஞ்ச பொருள்தானே மயினி?"

அன்னைக்குப் பகல்லயே, எல்லாரும் பார்க்க, வேலை ஆரம்பமாச்சு. வீட்டு வீட்டுக்கு உப்புச் சட்டியைக் கவுத்தோம். கருவாட்டுக்கு மீன் ஊறப் போடுற குழிக்குன்னு வச்சிருந்த கல்லுப்பை அள்ளுனோம். உப்பளத்துல வேலை பார்க்கிற எங்க ஆளுங்க முந்தானையில கொஞ்சம், தூக்குச்சட்டியில கொஞ்சம், வண்டியில மிச்சம்னு கொண்டாந்தாங்க. அக்கா வீட்டுக்குப் போவோம்னு சொன்ன சவரிராயன்தான் எல்லாரையும் விட அதிகமாச் சுமந்தான், தோளு புண்ணாப் போச்சு. மூட்டை கட்டிக் கூடத்து வாசல்ல வரிசையா நின்னோம். ஏட்டையா ஒரு மூட்டையை அவிழ்த்துக் கைய விட்டாரு. எடுத்து விரலைத் தேய்ச்சுப் பார்த்தாரு. மதலேன் தோள்ல பிள்ளை கத்திக்கிட்டு இருந்துச்சு, அதையும் பார்த்தாரு.

"காஞ்சதுதான்"ன்னாரு. "தரையில எடம் இல்ல. பெட்டி மேலயே அடுக்கிக்கங்க."

அந்த மனுசனுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா அவரு நல்லவரு, தெரியலேன்னா நாங்க அதிர்ஷ்டக்காரங்க.

பெட்டி மேல உப்பு, பெட்டி இடுக்குல உப்பு, பெட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல உப்பு. அடுக்கி முடிச்சோம். ஒண்ணும் நடக்கல. வட்டம் சுருங்கல, கிணறு ஊறல. தோட்டா விரட்டிக்கிட்டே இருந்துச்சு, உப்பு கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. கூடத்துப் பக்கம் போனா காதுக்குள்ள கொய்ங்குன்னு அடைக்கும். நாய்ங்க அந்தப் பக்கம் போறதை விட்டுருச்சு. தெக்குத் தெருவும் வடக்குத் தெருவும் ஒண்ணா உக்காந்து ஜெபமாலை சொன்னாங்க, நாக்கு ஒட்டி ஒட்டி நின்னுச்சு.

அதிகாரிக்குப் பொறுமை போச்சு. பனங்காட்டு ரோட்டுல கம்பு கட்டி ஆள் நிறுத்திட்டான். ஊரை விட்டுப் போகலாம், போனவங்க திரும்ப வர முடியாது. படகையும் கடல்ல இறக்கக் கூடாது. மதலேன் பிள்ளையோட அந்தக் கம்பு வரைக்கும் நடந்து போய் நின்னா. தாண்டினா நாலு எட்டுல பால். தாண்டினா வீடு இல்ல. காவலுக்கு நின்ன போலீஸ்காரப் பையன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "போயிரு அக்கா, பிள்ளையைப் பார்த்தா பயமா இருக்கு"ன்னான். பிள்ளை அழுறதைக்கூட விட்டுருச்சு. வாயை மட்டும் திறந்து திறந்து மூடுச்சு.

நான் பின்னாலயே ஓடினேன். "தாண்டிரு மதலேன்"ன்னு நானே சொல்லிட்டேன். "வீடு கிடக்கு, கழுதை. தாண்டிரு."

அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. அவ ஒரு காலைத் தூக்கிட்டா, சத்தியமாத் தூக்கிட்டா. அப்பத்தான் ஊருக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு. "கசியுது! கசியுது!"

கூடத்து வாசப்படிக்குக் கீழ இருந்து செவப்பா ஒரு தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு. விரல் அகலம்தான். துருவும் உப்பும் கலந்து, மெதுவா, மணலை நனைச்சுக்கிட்டு வந்துச்சு. நாங்க போய்ச் சேர்றப்ப ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் அதைச் சுத்தி நிக்கிறாங்க, முகாம்ல இருந்து விசில் அடிக்குது, போலீஸ் வரிசையா ஓடி வருது. அதிகாரி முன்னால. அவன் அந்தச் செவப்புத் தண்ணியைப் பார்த்ததும் பதறிட்டான்.

"உள்ளே இருக்கிற மூட்டை எல்லாத்தையும் வெளியே தூக்கிப் போடுங்க! இவங்களை விரட்டுங்க!"

நாங்க வாசலை மறிச்சு நின்னோம். இந்தத் தடவை சரியான பக்கம் நின்னோம்.

"கடைசியாச் சொல்றேன், கலைஞ்சு போங்க! ஏட்டு, தோட்டா குடுங்க! லோடு பண்ணுங்க!"

ஏட்டையா உள்ள போய் ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்து வச்சாரு. மூடி கழண்டு கையோட வந்துச்சு. பச்சை எல்லாம் உரிஞ்சு, செங்கல் நிறத்துல, பொருக்குப் பொருக்கா இருந்துச்சு உள்ள. போலீஸ்காரனுங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்தானுவ. உத்தரவு உத்தரவுதானே, எடுத்துத் துடைச்சுத் துப்பாக்கிக்குள்ள திணிச்சானுவ. சிலது போகவே மாட்டேன்னுருச்சு. சிலது பாதி போய் நின்னுச்சு. சிக்கிக்கிட்டதை ஒருத்தன் காலால எத்திப் பார்த்தான். அதிகாரி ஒரு துப்பாக்கியைப் பிடுங்கி, வானத்தைப் பார்த்து நீட்டி, குதிரையை இழுத்தான். யாரும் நகரல.

டொக்.

அவ்வளவுதான். துப்பாக்கி வாயில இருந்து செவப்புத் தண்ணி ஒரு சொட்டு வந்து அவன் சட்டைக் கையில விழுந்துச்சு. அப்புறம் எல்லாத் துப்பாக்கியில இருந்தும் சொட்டுச்சு. என் பக்கத்துல நின்ன அருளப்பன் பெரியவரு பொண்டாட்டிக்குக் கண்ணுல பொலபொலன்னு வந்துருச்சு, தொடச்சுக்கவே இல்ல அவ.

மதலேன் "ஐயோ"ன்னா. நான் திரும்பிப் பார்த்தேன். ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சிருந்துச்சு.

அவ யாரையும் கேக்கல. போலீஸ் வரிசைக்கும் எங்களுக்கும் நடுவுல, அந்த ஈர மணல்ல, காலை நீட்டி உக்காந்தா. முந்தானையை இழுத்து மூடிக்கிட்டுப் பிள்ளையை மார்ல வச்சா. பிள்ளைக்கு முதல்ல பிடிக்கத் தெரியல, மூச்சு வாங்குச்சு, அவ பிடிச்சுக் குடுத்தா. அப்புறம் இழுத்துச்சு.

"எந்திரி!"ன்னு கத்துனான் அதிகாரி. "எந்திரின்னு சொல்றேன்!"

மதலேன் தலையைத் தூக்கவே இல்ல.

"சத்தம் போடாதீரும். பிள்ளை குடிக்குதுல்லா. குடிச்சு முடிக்கட்டும், அது வரைக்கும் நில்லும்."

நின்னாங்க. அத்தனை பேரும், துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடிச்சுக்கிட்டு, அப்படியே நின்னாங்க.